சுவிஸில் வாடகை வீடு: வங்கியில் காசு வைப்பதா, பிணைக் காப்புறுதி எடுப்பதா?

சூரிச்சிலோ பேர்னிலோ ஒரு வீடு கிடைப்பதே பெரும்பாடு. விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று வீடு பார்த்து, கடைசியில் "வீடு உங்களுக்குத்தான்" என்ற கடிதம் வந்ததும் மனப்பாரம் இறங்கிவிடும். ஆனால் அதோடு வரும் தாள்களில்தான் கவனம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்துடன் பொதுவாக ஒரு வங்கிப் படிவம் இருக்கும். பல வீட்டு நிர்வாகங்கள் கூடவே ஒரு பிணைக் காப்புறுதி விளம்பரத்தையும் வைத்து அனுப்புகின்றன. வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பாக 3 மாத வாடகையை மொத்தமாக வைப்புக் கட்டுங்கள் என்கிறது முதலாவது. அந்த வைப்புக்குப் பதிலாக ஆண்டுக்குச் சில நூறு பிராங்க் போதும், கையிலுள்ள காசைத் தளபாடம் வாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது இரண்டாவது. புதிதாக வந்தவருக்கு இரண்டாவது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு இருந்தால், அல்லது வட்டியில்லாமல் புரட்ட முடிந்தால், வங்கியில் வையுங்கள். இல்லாவிட்டால் பிணைக் காப்புறுதி எடுங்கள், ஆனால் அதை எப்போது விடுவது என்றும் அன்றைக்கே தீர்மானித்துவிடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

வங்கியில் வைக்கும் காசு யாருடையது?

உங்களுடையது. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 257இ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு 3 மாத வாடகைக்கு மேல் வைப்பு கேட்க முடியாது. வீட்டுக்காரர் அந்தக் காசை வாடகைக்காரரின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கில் போட வேண்டும். அவர் தன் சொந்தக் கணக்கில் வைத்திருக்கக் கூடாது. வட்டி வந்தால் அதுவும் உங்களுக்கே. வட்டி பெரிதாக வராது என்பது வேறு விஷயம்.

அந்தக் கணக்கிலிருந்து காசு வெளியே போக மூன்று வழிகள்தான் உண்டு. இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், அல்லது எதிர்ப்பில்லாமல் உறுதியாகிவிட்ட கட்டளை ஒன்று கடன் வசூல் அலுவலகத்திலிருந்து இருக்க வேண்டும், அல்லது இறுதியான நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். வீட்டுக்காரர் தனியாகப் போய் எடுக்க முடியாது. நீங்களும் தனியாக எடுக்க முடியாது. வீட்டை விட்டு ஓராண்டு கடந்தும் வீட்டுக்காரர் சட்டப்படி எந்தக் கோரிக்கையும் தொடங்காவிட்டால், காசைத் திருப்பித் தரும்படி வங்கியிடம் நேரடியாகவே கேட்கலாம்.

இந்தக் கணக்கை வரிப் படிவத்திலும் காட்ட வேண்டும். அது உங்கள் சொத்து. பலர் "அது வீட்டுக்காரரின் காசு" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

பிணைக் காப்புறுதி என்றால்?

ஜெர்மன் பகுதியில் மீட்காவ்ட்சியோன் காப்புறுதி என்பார்கள். பிரெஞ்சுப் பகுதியில் வங்கி இல்லாத 'காரந்தி தெ லோயே' என்று விளம்பரம் வரும். ஸ்விஸ்காசியோன், ஃபர்ஸ்ட்காசியோன் போன்ற நிறுவனங்களும் சில பெரிய காப்புறுதி நிறுவனங்களும் இதை விற்கின்றன. நீங்கள் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டுவீர்கள். நிறுவனம் வீட்டுக்காரருக்கு ஒரு பிணைச் சான்றிதழ் கொடுக்கும். "இவர் தர வேண்டியதைத் தராவிட்டால் இத்தனை பிராங்க் வரை நாங்கள் தருகிறோம்" என்பதே அதன் சாரம்.

இங்கேதான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கார் காப்புறுதியில் விபத்து நடந்தால் நிறுவனம் கட்டும், அத்தோடு முடிந்தது. இது அப்படியில்லை. நிறுவனம் வீட்டுக்காரருக்கு 2,000 பிராங்க் கொடுத்தால், அந்த 2,000 பிராங்கையும் உங்களிடமிருந்து வசூலிக்கும். சில நிறுவனங்களின் நிபந்தனைகளில் அதற்கான செலவையும் சேர்க்க இடமிருக்கும். இதில் பாதுகாக்கப்படுவது வீட்டுக்காரர். கட்டணம் கட்டுவது நீங்கள். எந்தச் சேதமும் இல்லாமல் வீட்டைக் கொடுத்தாலும் கட்டிய கட்டணம் திரும்பி வராது.

வீட்டில் நீங்கள் தவறுதலாக உடைத்ததற்கு உண்மையான காப்புறுதி வேறொன்று இருக்கிறது: தனிநபர் பொறுப்புக் காப்புறுதி, ஜெர்மனில் பிரிவாட்ஹாஃப்ட்ஃப்லிஷ்ட். கழுவு தொட்டி உடைந்தாலோ தரையில் ஏதாவது விழுந்து பள்ளமானாலோ, உங்கள் பங்குக்கான கழிவு போக மீதியை அது கட்டும். பிணைக் காப்புறுதி எடுத்தவர்கள் "அதுதான் ஏற்கனவே இருக்கிறதே" என்று இதை எடுக்காமல் விடுவதைப் பார்க்கிறேன். இரண்டும் வேறு வேறு. வீட்டுக்குத் தேவையானது இந்தப் பொறுப்புக் காப்புறுதிதான். பல வீட்டு நிர்வாகங்கள் இதை ஒப்பந்தத்திலேயே கேட்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மாத வாடகை 1,600 பிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மாதத்துக்கு 4,800.

பிணைக் காப்புறுதிக்கு ஆண்டுக் கட்டணம் பொதுவாக வைப்புத் தொகையின் 5 சதவீதம் அளவில் இருக்கும். அதன்மேல் சிறு கட்டணங்களும் வரலாம். 5 சதவீதத்தை மட்டும் எடுத்தாலே ஆண்டுக்கு 240 பிராங்க். ஓராண்டுக்கு அது பெரிய தொகை இல்லை. 5 ஆண்டில் 1,200, 10 ஆண்டில் 2,400. 20 ஆண்டு அதே வீட்டில் இருந்தால் முழு 4,800 பிராங்கும் போய்விடும், கையில் ஒன்றும் இருக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக ஒரே வீட்டில் 15, 20 வருடம் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

சரி, காசைப் புரட்டினால் அதற்கும் ஒரு விலை இருக்குமே? ஆம். அதைத்தான் 240 பிராங்கோடு ஒப்பிட வேண்டும். நிதி நிறுவனத்தில் சிறுகடன் எடுத்து வைப்பைக் கட்டுவதானால், அதன் வட்டி பெரும்பாலும் 5 சதவீதத்தை விடக் கூடவே இருக்கும். அந்த நிலையில் பிணைக் காப்புறுதியே மலிவு. கடனை எடுக்காதீர்கள். சீட்டு போட்டிருந்து, அதைக் கழிவு கூறி முன்னதாக எடுக்க நினைத்தால், போகும் கழிவு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். 600 பிராங்க் கழிவு போகுமென்றால் அது இரண்டரை வருடக் காப்புறுதிக் கட்டணம். அதற்கு மேல் அந்த வீட்டில் இருப்பீர்கள் என்றால் சீட்டை எடுப்பது லாபம். அண்ணனோ மாமாவோ வட்டியில்லாமல் தந்து மாதம் 200 ஆகத் திருப்பிக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவு கெடாமல் இருக்க அதுவே வழி.

வேறு வழிகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வைப்பு கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. 3 மாதத்தை 2 மாதமாகக் குறைக்கவோ தவணையாகக் கட்டவோ சம்மதிக்கும் தனி வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சமூக உதவி பெறுகிறவர்கள் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் தங்கள் அலுவலரிடம் பேச வேண்டும். சில இடங்களில் அந்த அலுவலகமே வைப்புக்கு உத்தரவாதம் கொடுக்கும்.

பிணை எப்போது நல்லது

இரண்டு நிலைமைகளில் நானே பரிந்துரைப்பேன். வந்த புதிதில், முதல் சம்பளமே இன்னும் வராத நேரத்தில், கையிலுள்ளதை எல்லாம் வைப்பில் போட்டுவிட்டு மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்துக்குத் தடுமாறுவதை விட 240 பிராங்க் செலவு செய்வது புத்திசாலித்தனம். அடுத்தது வீடு மாறும்போது. பழைய வீட்டின் வைப்பு உடனே கையில் வராது. சேதக் கணக்கு, வெப்பமூட்டல் செலவுக் கணக்கு என்று மாதக்கணக்கில் இழுபடலாம். புதிய வீட்டுக்கோ திறப்பு வாங்குவதற்கு முன்பே வைப்பு கேட்பார்கள். அந்த இடைவெளிக்குப் பிணை எடுத்து, பழைய காசு வந்ததும் வங்கி வைப்பாக மாற்றலாம்.

மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டு நிர்வாகத்திடம் கேட்டு வங்கிக் கணக்கைத் திறந்து காசைப் போடுங்கள். நிர்வாகம் பிணைச் சான்றிதழைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் பிணை முடியும். அதுவரை கட்டணம் ஓடும். ஆகவே அனுப்பியதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன்

வங்கி வழியானால், காசு போகும் கணக்கு உங்கள் பெயரில் உள்ள வாடகை வைப்புக் கணக்குதானா என்று பாருங்கள். காசு போட்ட பிறகு வங்கியின் உறுதிக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள். வீட்டுக்காரர் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு வங்குரோத்து ஆனால், உங்கள் காசும் கடன்காரர்களின் வரிசையில் சேர்ந்துவிடும். வீட்டைக் காட்டாமல், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், வைப்பை அனுப்புங்கள், திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுகிறவர் மோசடிக்காரர். ஒரு பிராங்கும் அனுப்பாதீர்கள்.

நம்மவர் ஒருவரின் வீட்டில் அறை எடுத்தாலும் இதே சட்டம்தான். உள்வாடகைக்கு விடுகிறவர் வைப்பு வாங்கினால் அவரும் உங்கள் பெயரில் கணக்கு திறக்க வேண்டும். கையில் காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டும் இல்லாமல் இருந்தால், மனஸ்தாபம் வந்த அன்றைக்கு உங்களிடம் காட்ட ஒன்றுமே இருக்காது. கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

பிணை வழியானால், வீட்டுக்காரர் அதை ஏற்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அப்புறம் பொது நிபந்தனைகளில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் பிடியுங்கள்: எந்தச் சூழ்நிலையில் நிறுவனம் வீட்டுக்காரருக்குக் காசு கொடுக்கும்? வாடகைக்காரரின் எழுத்துச் சம்மதம் அல்லது உறுதியான தீர்ப்பு வேண்டும் என்று இருந்தால் நல்லது. வீட்டுக்காரர் கேட்டவுடனேயே கொடுக்கலாம் என்று இருந்தால் அதில் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்காரரோடு வாதாட வேண்டிய விஷயத்தை நீங்கள் நிறுவனத்தோடு வாதாட வேண்டி வரும்.

ஆண்டுக் கட்டணத்துக்கு வங்கியில் நிலையான கட்டளை போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பில் என்பதால் மறப்பது சுலபம். மறந்த 240 பிராங்குக்கு நினைவூட்டல் வரும், பிறகு பெட்ரைபுங், அதாவது கடன் வசூல் அலுவலக நடவடிக்கை, வரும்.

வீட்டைப் பொறுப்பேற்கும் நாள்

காசு வங்கியில் இருந்தாலும் சரி, பிணை இருந்தாலும் சரி, கடைசியில் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு மணி நேரம். வீட்டு நிர்வாகத்தின் ஆள் பொறுப்பேற்புப் பத்திரத்தோடு வருவார். அறை அறையாக எழுதிக்கொண்டே போவார். அவசரப்படாதீர்கள். ஜன்னல் இறக்குத்திரையை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடித் தட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா, கதவுத் தட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, அடுப்பின் தட்டுகள் எத்தனை, மேலே உள்ள புகை உறிஞ்சியின் வடிகட்டி எப்படி இருக்கிறது, குளியலறைச் சிலிக்கன் ஓரம் கறுத்திருக்கிறதா, சுவரில் பழைய ஆணி ஓட்டைகள் எத்தனை என்று பார்த்து எழுத வையுங்கள். திறப்புகளை எண்ணுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து அன்றே யாருக்காவது மின்னஞ்சல் செய்துவிடுங்கள், தேதி பதிவாகிவிடும்.

வீட்டுச் சுவர்களுக்குக் கடைசியாக எப்போது வர்ணம் பூசினார்கள் என்று கேட்டு அதையும் எழுத வையுங்கள். இதன் அருமை வெளியேறும்போதுதான் தெரியும்.

குடிவந்த பிறகு கண்ணில் படும் குறைகளை எழுதி அனுப்ப ஒப்பந்தத்தில் ஒரு கெடு இருக்கும். பல ஒப்பந்தங்களில் 10 அல்லது 14 நாள். பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை ஒப்பந்தத்தோடு வையுங்கள்.

வெளியேறும்போது எதற்குக் கட்ட வேண்டும்

சாதாரணமாகக் குடியிருந்ததால் வந்த தேய்மானத்துக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கட்டினீர்கள். அதற்கு மிஞ்சிய சேதத்துக்குக்கூட முழு விலை இல்லை. வாடகைக்காரர் சங்கமும் வீட்டுரிமையாளர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஆயுட்கால அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி சுவர் வர்ணத்துக்கு 8 ஆண்டு, சாதாரணத் தரைவிரிப்புக்கு 10 ஆண்டு. பிள்ளை சுவரில் கிரேயோனால் கீறிவிட்டது, மீண்டும் பூச 800 பிராங்க் ஆகும், வர்ணம் பூசி 6 ஆண்டு ஆகிறது என்றால், மீதி ஆயுள் 2 ஆண்டு. 8இல் 2 பங்கு, ஆக 200 பிராங்க்தான் உங்கள் பங்கு. 8 ஆண்டு கடந்திருந்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. வர்ணம் பூசிய ஆண்டை எழுத வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நம் வீடுகளில் வருகிற இரண்டு விஷயங்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிகரெட் புகையால் மஞ்சளான சுவரைச் சாதாரணத் தேய்மானமாக எடுக்கமாட்டார்கள். சாமியறையில் தினமும் விளக்கேற்றிப் புகை படிந்த சுவருக்கும் அதையே சொல்லுவார்கள். படத்துக்கும் விளக்குக்கும் பின்னால் ஒரு பலகையோ கண்ணாடியோ வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. மற்றது குசினி. தாளித்த எண்ணெய் புகை உறிஞ்சியிலும் அலுமாரிகளின் மேற்பகுதியிலும் பசை மாதிரி ஒட்டிவிடும். வடிகட்டி மாற்றுவது போன்ற சிறு பராமரிப்பு வாடகைக்காரரின் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்ளமாட்டீர்கள். துப்புரவு நிறுவனத்தைப் பிடிப்பதானால், வீட்டு நிர்வாகம் ஏற்கும்வரை அவர்களே நின்று சரிசெய்யும் உத்தரவாதத்தோடு எழுதிக் கேளுங்கள்.

திறப்பைக் கொடுக்கும் நாளில் மீண்டும் ஒரு பத்திரம் நீட்டப்படும். "வாடகைக்காரர் செலவு" என்று எழுதிய வரிகளுக்குக் கீழே நீங்கள் கையெழுத்திட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். உடன்பாடில்லாத வரிக்குப் பக்கத்தில் 'நிஷ்ட் ஐன்ஃபெர்ஷ்டாண்டன்' (nicht einverstanden, உடன்பாடில்லை) என்று எழுதுங்கள், அல்லது கையெழுத்திடாமல் விடுங்கள். கையெழுத்திட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 15 வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள், பாவம். கண்ணுக்குத் தெரிகிற குறைகளை வீட்டுக்காரர் உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது சில வேலைநாட்கள். மூன்று மாதம் கழித்து ஒரு புதுப் பட்டியல் வந்தால், மறைந்திருந்த குறை தவிர மற்றதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

பில் வந்தால், பெட்ரைபுங் வந்தால்

வீட்டுக்காரரின் கணக்கு அநியாயமாக இருந்தால் கன்டோனில் அல்லது மாவட்டத்தில் வாடகைத் தகராறுகளுக்கான சமரச அலுவலகம் இருக்கிறது. குடியிருப்பு வாடகை விஷயத்தில் அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் தேவையில்லை. ஜெர்மன் பகுதியில் மீட்டர்ஃபெர்பாண்ட், பிரெஞ்சுப் பகுதியில் அஸ்லோகா என்ற வாடகைக்காரர் சங்கம் உதவும். ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். வீடு எடுத்தவுடனேயே சேர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடமிருந்தோ பிணை நிறுவனத்திடமிருந்தோ கடன் வசூல் அலுவலகக் கட்டளை வந்தால், 10 நாள்தான் அவகாசம். ஏற்க முடியாத கடனென்றால் அந்த 10 நாளுக்குள் 'ரெஷ்ட்ஸ்ஃபோர்ஷ்லாக்' என்ற எதிர்ப்பைப் பதிவுசெய்ய வேண்டும். கட்டளையைக் கொண்டுவந்தவரிடமே சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. செய்யாமல் விட்டால் கட்டளை உறுதியாகிவிடும். அதைக் காட்டி வீட்டுக்காரர் வங்கியிலிருந்து வைப்பையும் எடுக்கலாம், பிணை நிறுவனத்திடமும் வாங்கலாம். பதிவுத் தபாலைப் பயந்து எடுக்காமல் விடுவது நம்மவர்களிடம் இருக்கும் பழக்கம். பயப்படாமல் எடுங்கள்.

கடன் வசூல் பதிவேட்டில் விழுந்த பெட்ரைபுங்கை 5 ஆண்டுகள் மற்றவர்கள் பார்க்க முடியும். அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவேட்டின் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள். சி அனுமதிக்கும் (நிரந்தர வதிவிட அனுமதி) குடியுரிமைக்கும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் எதிர்ப்புத் தெரிவித்து, 3 மாதமாகியும் எதிர்த்தரப்பு மேற்கொண்டு எதுவும் செய்யாவிட்டால், 40 பிராங்க் கட்டி அந்தப் பதிவை மற்றவர்களுக்குக் காட்டாமல் வைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். 2019இலிருந்து இந்த வசதி இருக்கிறது.

பிணையில் இருந்தவர்கள் திறப்பைக் கொடுத்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வீட்டு நிர்வாகத்துக்கும் பிரதி அனுப்புங்கள்: வீட்டைக் கொடுத்த தேதி, கையெழுத்திட்ட பத்திரத்தின் பிரதி, பிணையிலிருந்து விடுவிக்கும்படி கோரிக்கை. அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கான பில் வந்தால் அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காமல், சான்றிதழ் இன்னும் ஏன் திரும்பவில்லை என்று அன்றே இரு தரப்பையும் எழுத்தில் கேளுங்கள்.